எவரிஸ்துக்கு எப்போதும் ஒன்பது வயது

அக்டோபர் 4, வெள்ளி

காலைப் பூசை. பிரசங்கம் தேவைக்கு மேல் நீளம். திரும்பும் வழியில் கல்லறைத் தோட்டத்துக்குள் போனேன். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். வெள்ளையடிக்கிற ஆளிடம் சொல்வதற்கு முன் கல்லறையை ஒரு முறை பார்த்து வைப்பது என் வழக்கம்.

எங்கள் கல்லறையைக் காணவில்லை.

அதாவது, இடத்தில்தான் இருந்தது. ஆனால் தலைமாடு முதல் கால்மாடு வரை குளியலறை டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். வெளிர்நீலம். நான்கு மூலையிலும் துள்ளிக் குதிக்கிற டால்பின். சிலுவையைச் சுற்றிச் சீரியல் பல்பு. என் கணவர் இருதயநாதன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பதினோரு வருஷமாக அந்த மண்ணுக்குள் இருக்கிறார். அவருக்கு மேலே டால்பின்.

காவல்காரனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"சவுண்ட் சர்வீஸ் மிக்கேல் அண்ணாச்சி வேலைம்மா. அவுக பூட்டன் கல்லறைன்னு சொன்னாவ."

"எந்தப் பூட்டன்?"

"அதான் கல்லுல போட்டிருக்குல்லா. எவரிஸ்து."

எவரிஸ்து என் கணவரின் பூட்டனார். தாது வருஷப் பஞ்சத்தில் அநாதையாகி, இங்கே சிஸ்டர்கள் மடத்தில் வளர்ந்தவர். கல்லில் அவர் பெயர் மட்டுமே இருக்கிறது, தேதி கிடையாது. என் கணவர் பெயரும் இல்லை. அது என் குற்றமல்ல. மூன்று முறை கல் அடித்துக் கொண்டுவந்தார்கள். ஒன்றில் ஓரம் கோணல். ஒன்றில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சீராக இல்லை. மூன்றாவதில் சிலுவை நடுவில் இல்லை. சரியில்லாத கல்லை நான் ஏற்பதில்லை.

மதியம் சாப்பிடவில்லை. பசியில்லை. கோபம் இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

பூசை முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் பஞ்சாயத்து. பங்குத் தந்தையின் பெயர் ஃபாதர் ரெக்ஸ்லின். முப்பத்திரண்டு வயது. பேசும்போது செல்போனைப் பார்க்கிறார்.

மிக்கேல் என்பவரை முதன்முதலாகப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். கறுப்பு, குட்டை, சப்பை மூக்கு. சட்டைப் பையில் நான்கு பேனா, எதற்கென்று தெரியவில்லை.

"சவுண்ட் சர்வீஸ் மிக்கேல்னா பாளையில தெரியாதவுக கிடையாதும்மா," என்றார்.

"எனக்குத் தெரியாது."

"அதான் இப்ப தெரிஞ்சிட்டுல்லா."

தூத்துக்குடியில் முப்பது வருஷம் தொழில் நடத்திவிட்டு இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறார். வந்ததும் பூட்டன் கல்லறையைத் தேடிக் கண்டுபிடித்து அழகுபடுத்தினாராம். அழகு என்ற சொல்லை அவரே சொன்னார்.

ஃபாதர் சட்டம் சொன்னார். தோட்டத்தில் இனிப் புது இடம் கிடையாது. ஒரு கல்லறைக்கு ஒரு குடும்பம். யார் எவரிஸ்து குடும்பம் என்று நவம்பர் ஒன்றாம் தேதி பங்குப் பேரவை முன்னால் காட்ட வேண்டும். இருவரும் காட்ட முடியாவிட்டால் கல்லறையைத் திறந்து, எலும்புகளைத் தோட்டத்து மூலையில் இருக்கும் பொது எலும்புக் கிணற்றில் சேர்த்துவிட்டு, இடத்தைப் பங்கு எடுத்துக்கொள்ளும்.

பொதுக் கிணற்றில் யாருடைய எலும்பு எது என்று யாருக்கும் தெரியாது. என் கணவருக்குக் கூட்டம் ஆகாது. ரயிலில் கூட ஓரத்து இருக்கை கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுவார்.

அவரை அடக்கம் செய்தபோது, பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டுத்தான் குழி வெட்டச் சொன்னேன். அந்த இடம் எனக்கு. இதை ஃபாதரிடம் சொன்னேன்.

"எனக்கும் அந்த எடந்தான்மா வேணும்," என்றார் மிக்கேல். "வீட்டுக்காரி அவ ஊருல, அவ அம்மா பக்கத்துல கெடக்கா. அங்க எனக்கு எடம் இல்லன்னு மச்சான் கைய விரிச்சிட்டான்."

அது அவர் மச்சானின் பிரச்சினை.

அக்டோபர் 8, செவ்வாய்

மெல்போர்னிலிருந்து மகன் சேவியர் பேசினான். அப்பா வழிக் குடும்பக் காகிதம் ஏதாவது கொண்டுபோனாயா என்று கேட்டேன். இல்லையாம். பிறகு சொன்னான்:

"அம்மா, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? புதைக்கணும்னு இல்லை, எரிக்கலாம்னு இப்ப சர்ச்சே சொல்லிடுச்சு. சாம்பலை இங்க கூரியர்ல அனுப்பிடலாம். நான் பத்திரமா வச்சுக்கறேன்."

"யார் அனுப்புவா?"

யோசித்தான். "அதுக்கு சர்வீஸ் இருக்கும்மா."

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகவே இருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

எவரிஸ்துவைப் பற்றி என் கணவர் குடும்பத்தில் தெரிந்தவை: பிரெஞ்சு கப்பல் கேப்டன் ஒருவரின் மகன். தாய் காலராவில் இறந்தாள். கேப்டன் கப்பலோடு போய்விட்டார். பையனை மடத்தில் சேர்த்தார்கள். பெரியவனானதும் அச்சுக்கூடத்தில் வேலை. காகிதம் வெட்டுகிற எந்திரத்தில் வலது கைப் பெருவிரல் போயிற்று. 1912-ல் தாமிரபரணி வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போனது. உடல் கிடைத்ததாகவும் சொல்வார்கள், கிடைக்கவில்லை என்றும் சொல்வார்கள். மனைவி சலேத்தம்மாள் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தார்.

வேலைக்கு வரும் ரோஸ்லினிடம் இதைப் படித்துக் காட்டினேன்.

"அப்போ சார் வெள்ளைக்காரன் வம்சமாம்மா?"

"பிரெஞ்சு. வெள்ளைக்காரன் என்று பொதுவாகச் சொல்லக் கூடாது."

"சாருக்கு அந்த மூக்கு இல்லையே."

"சாருக்கு மூக்கு அம்மா வழி," என்றேன். மீன் கழுவப் போனாள். போகும்போது சிரித்தாள் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மிக்கேல் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். மழையில் நனைந்திருந்ததால் உட்காரச் சொன்னேன். கதையை ஒத்துப் பார்க்கலாம் என்றார்.

ஒத்துப் பார்த்தோம். அவர் பூட்டனும் அதே மடம். அதே பஞ்சம். பிறந்தநாள் அக்டோபர் 26, இருவருக்கும் அதுதான். அதை நான் எதிர்பார்த்தேன், அது புனித எவரிஸ்து திருநாள். ஆனால் பிறகு அவர் சொன்னார்:

"எங்க பூட்டனோட அப்பா ஆரு தெரியுமாம்மா? பிரெஞ்சு கப்பல் கேப்டன்."

நான் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. அவரும் கையை மூக்கின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

"உங்கள் பூட்டனுக்குப் பெருவிரல் உண்டா?"

"ரெண்டும் உண்டே. கோயில் பேண்டுல கார்னெட் ஊதுவாராம்."

"எப்போது இறந்தார்?"

"முப்பத்தியொண்ணுல. கருவாடு தின்னுக்கிட்டு இருக்கும்போதே போயிட்டாராம். நல்ல சாவு."

ஆக, இரண்டு ஆள். ஒரே பெயர், ஒரே மடம், ஒரே கேப்டன். அந்தக் கேப்டன் என்ன தொழில் பார்த்தார் என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"மடத்துல கேட்டா தெரிஞ்சிருமே," என்றார்.

சிஸ்டர் குளோத்தில்து இன்னும் இருக்கிறார். எனக்கு ஆறாம் வகுப்பில் கையெழுத்தும் கணக்கும் எடுத்தவர். தொண்ணூற்று நான்கு வயது. அவரைத் தனியாகப் போய்ப் பார்க்க எனக்குத் தயக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் மிக்கேல் கூட வருகிறேன் என்றதும் மறுக்கவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

ஆட்டோ கிடைக்கவில்லை. மிக்கேலின் வேனில் போக வேண்டியதாயிற்று. கூரை மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின்னால் பெட்டி பெட்டியாக வயர். முன் இருக்கையில் நான். கதவை மூடுகிறபோது கை பட்டு ஏதோ ஆன் ஆகிவிட்டது. "சீட்டைத் துடைத்துவிட்டு உட்காரச் சொல்லியிருக்கலாம்" என்று நான் சொன்னது மார்க்கெட் முழுக்கக் கேட்டது. வாழைக்காய்க் கடைக்காரர் தன் ஸ்டூலைத் துடைத்தார்.

சிஸ்டர் சாய்வு நாற்காலியில் இருந்தார். கண் சரியாகத் தெரியாது.

"பெர்னதெத்து. முதுகு."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். மிக்கேலும் நிமிர்ந்தார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"எவரிஸ்தா?" என்றார் சிஸ்டர். "எந்த எவரிஸ்து?"

அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன். "பிரான்சுல ஒரு சின்ன கிராமம். அந்த ஊர்ப் பெண்கள் ஒரு சங்கம் வச்சு, நம்ம மடத்துல ஒரு பையனைத் தத்து எடுத்தாங்க. பேரும் அவங்களே வச்சாங்க. வருஷத்துக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னி அனுப்புவாங்க. ஒன்பது வயசுப் பையன் அளவு."

"பாளையங்கோட்டைக்குக் கம்பளியா?" என்றார் மிக்கேல்.

"அவங்களுக்கு என்ன தெரியும்? முதல் பையன் சீக்கிரமே காய்ச்சல்ல போயிட்டான். அடுத்த சட்டை வந்து இறங்கியாச்சு. அதை யாருக்குப் போடறது? சட்டை எவனுக்குச் சரியா இருந்துச்சோ அவனுக்கு எவரிஸ்துன்னு பேர் வச்சாங்க. அவன் வளந்து சட்டை பத்தாமப் போனா, அடுத்தவன். பெரியவன் பேரோடயே வேலைக்குப் போயிடுவான். வருஷாவருஷம் எவரிஸ்து அந்த அம்மாக்களுக்கு நன்றிக் கடிதம் எழுதணும். நான் சேர்ந்த புதுசுல அந்த வேலை எனக்கு. கணக்கு பிடிக்கும்னு எழுதுவேன். முட்டை பிடிக்கும்னு எழுதுவேன். எண்பது வருஷமா எவரிஸ்துக்கு ஒன்பது வயசு."

"அவங்களுக்குச் சந்தேகம் வரலையா சிஸ்டர்?" என்றேன்.

"ஏன் வரணும்? அவங்க சங்கத்துலயும் ஆள் மாறிக்கிட்டேதானே இருந்தாங்க."

மிக்கேல் மெதுவாகக் கேட்டார்: "அப்போ, கேப்டன்?"

"கேப்டனும் இல்லை, ஒண்ணும் இல்லை. பஞ்சம்தான். மடத்தை விட்டுப் போறப்ப ஒவ்வொரு பையனும் ஒரே கேள்விதான் கேப்பான்: எனக்கு மட்டும் ஏன் இந்தப் பேரு? ஏதாவது சொல்லணுமே. எங்களுக்கு முன்னால இருந்தவங்க கேப்டன்னு ஆரம்பிச்சு வச்சிருந்தாங்க. பையன் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போவான். நானும் ஒருத்தன்கிட்டச் சொன்னேன். அந்தப் பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் பண்ணியாச்சு."

"கல்லறையில் இருப்பது எந்த எவரிஸ்து, சிஸ்டர்?"

"அது ஆண்டவருக்குத்தான் தெரியும். அவரும் கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லுவாரு."

கிளம்பும்போது என் கையைப் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தார். "நகம் வெட்டியிருக்கே. நல்ல பிள்ளை," என்றார்.

திரும்பும்போது வேனில் முதலில் சுவிட்சைப் பார்த்தேன். இம்முறை மைக் ஆஃப் ஆகித்தான் இருந்தது.

அக்டோபர் 18, வெள்ளி

வெள்ளிக் கரண்டிகளைத் தேய்த்தேன். தலையணை உறைகளை மாற்றினேன். அலமாரியின் மேல்தட்டில் இருந்த கப்பல் பொம்மையை ரோஸ்லினுக்குக் கொடுத்துவிட்டேன், தூசி சேர்கிறது.

அக்டோபர் 20, ஞாயிறு

பூசையில் மிக்கேல் என் பெஞ்சுக்கு இரண்டு பெஞ்சு பின்னால். அவர் பாட்டு சுருதி சேரவில்லை. முடிந்ததும் வாசலில் நின்றார்.

"என்னம்மா செய்யலாம்? ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணும் இல்லயே. சாரைத் தூக்கிக் கெணத்துல போட்டுருவாங்களே."

அவர் இடத்தைப் பற்றிப் பேசவில்லை. சாரைப் பற்றித்தான் பேசினார். குறித்துக்கொள்கிறேன், அவ்வளவே.

"ஒரு கல்லறைக்கு ஒரு குடும்பம்," என்றேன். "ஃபாதர் கேட்பது அதைத்தான். எத்தனை எவரிஸ்து என்று அவர் கேட்கவில்லை."

மிக்கேல் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். பிறகு, "ஆத்தாடி," என்றார்.

அக்டோபர் 23, புதன்

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இரண்டு எவரிஸ்துகளையும் ஒருவராக்கும் வேலை. காலையில் தொடங்கி மூன்று காப்பி.

முதல் சிக்கல்: என் எவரிஸ்து 1912-ல் ஆற்றோடு போய்விட்டார்.

"போனவரை ஸ்ரீவைகுண்டம் பக்கம் கரை ஒதுக்கிருவோம்," என்றார் மிக்கேல். "மூச்சு இருக்கும். மீன் புடிக்கவன் தூக்கிட்டுப் போயிருப்பான்."

உடல் கிடைக்கவில்லை என்றும் சொல்வார்கள் என்பதால் இதை அனுமதித்தேன்.

இரண்டாவது: பெருவிரல்.

"ஆத்துல வளந்திருக்கும்."

"விளையாட்டு வேண்டாம்."

"அப்போ நுனி மட்டும் போயிருக்கட்டும். கார்னெட்டு ஊதும்போது யாரு பெருவிரலப் பாக்கா? கன்னத்தத்தான் பாப்பாங்க."

இதையும் அனுமதித்தேன்.

மூன்றாவதுதான் கடினம். என் எவரிஸ்துவின் மனைவி சலேத்தம்மாள் உயிரோடிருக்கும்போது, அவர் எப்படி 1914-ல் மிக்கேலின் பூட்டி அருளாயியைக் கோயிலில் வைத்துக் கட்டினார்? சலேத்தம்மாளை முன்னதாகச் சாகவிடலாம் என்று மிக்கேல் சொன்னார். முடியாது, அவர் 1925-ல் பேரனை மடியில் வைத்து எடுத்த போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. அருளாயியை விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன்.

"எங்க வம்சமே அந்தம்மாவுலருந்துதான். நான் எங்க போவேன்?"

மூன்றாவது காப்பி ஆறிப்போயிற்று. ரோஸ்லின் அடுக்களையிலிருந்து சொன்னாள்: "ஆத்துல அடிபட்டதுல மண்டைல அடி. மறந்துபோச்சுன்னு சொல்லுங்களேன்."

ஒருவன் தன் மனைவியை மறந்து இன்னொருத்தியை மணந்தால் அது துரோகம் அல்ல, வியாதி. பாளைக்கு ஏன் திரும்பி வந்தார்? வழி ஞாபகமிருந்தது, வீடு மறந்துவிட்டது. சலேத்தம்மாள் இதே கோயிலில் அவரைப் பார்க்கவில்லையா? சலேத்தம்மாளுக்குக் கிட்டப்பார்வை. போட்டோவைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

நான் ஒரு வரியும் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் 'என்று குடும்பத்தில் சொல்லப்படுகிறது' என்று சேர்த்திருக்கிறேன். இன்று முதல் குடும்பத்தில் அப்படித்தான் சொல்லப்படுகிறது.

கிளம்பும்போது மிக்கேல் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கணக்குப் போட்டார். "அப்போ சார் எனக்கு அண்ணன் மொறை. நீங்க எனக்கு மைனி."

"கல்லறை விஷயத்தில் மட்டும்."

"சரி மைனி."

அக்டோபர் 26, சனி

எவரிஸ்து திருநாள். மிக்கேல் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையப் பாயாசம். பூட்டனார் பிறந்தநாளாம். எந்தப் பூட்டனார் என்று கேட்டு அனுப்பவில்லை. ஜவ்வரிசி கொஞ்சம் அதிகம். தூக்கைக் கழுவி வெறுமனே திருப்பித் தருவது மரியாதையில்லை. நெய் பிஸ்கட் போட்டு அனுப்பினேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மழை, வெடி, புகை. மிக்கேலின் இரண்டு மருமகள்களும் பேத்திகளும் வந்து "பெரியம்மா" என்று பலகாரம் வைத்துவிட்டுப் போனார்கள். தங்கள் எதிர்வீட்டார் கொடுத்ததை இவர்கள் என்னிடம் கொடுக்கிறார்கள், நான் ரோஸ்லினுக்குக் கொடுப்பேன். ஒரு பேத்தி கூடத்தில் சலேத்தம்மாள் போட்டோ முன்னால் நின்று, "இதுதான் மறந்துபோன ஆச்சியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது.

சேவியர் வாட்ஸப்பில் தீபம் படம் அனுப்பியிருந்தான். நாம் கொண்டாடுவதில்லை என்பது அவனுக்கு மறந்துவிட்டது.

நவம்பர் 1, வெள்ளி

பங்குப் பேரவை. மண்டபம் நிறைந்திருந்தது, கல்லறைச் சண்டை என்றால் எங்கிருந்தோ ஆள் வந்துவிடுகிறார்கள். மைக் மிக்கேலுடையது. தொண்டைக்கு வைத்திருந்த சுக்கு மிட்டாய் போட்டுக்கொண்டு படித்தேன். நிறுத்தி, தெளிவாக, சிஸ்டர் குளோத்தில்து கற்றுக்கொடுத்த மாதிரி. ஆற்று வெள்ளம் வந்தபோது நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மண்டையில் அடிபட்ட இடத்தில் ஒரு பெண் விம்மினாள். கார்னெட் வந்தபோது மிக்கேலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

ஃபாதர் ரெக்ஸ்லின் செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கும் நேரத்தில் பின்னாலிருந்து ஒரு குரல். முறுக்குக் கடை வைத்திருக்கும் ஜெபமாலை. நாற்பது வயதிருக்கும்.

"ஃபாதர், எங்க தாத்தாவுக்கும் பேரு எவரிஸ்துதான். மடத்துல வளந்தவருதான். எங்களுக்கும் கேப்டன்தான்."

மண்டபம் சலசலத்தது. ஃபாதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா இது?" என்று என்னைக் கேட்டார்.

மிக்கேல் என்னைப் பார்த்தார். கிணறு என் கண்முன் வந்தது.

"குறுக்கே பேசினால் எப்படி?" என்றேன். "நான் இன்னும் கடைசிப் பத்திக்கு வரவில்லை."

காகிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் வெறும் வெள்ளை. அதைப் பார்த்துப் படித்தேன். முதுமையில், இரண்டாம் மனைவியும் காலமான பிறகு, தனிமை தாங்காமல் எவரிஸ்து மூன்றாவதாக ஒரு நல்ல பெண்மணியை—

"சூசையம்மா," என்றாள் ஜெபமாலை.

"—சூசையம்மாளை முறைப்படி மணந்தார் என்று குடும்பத்தில் சொல்லப்படுகிறது."

"எங்க தாத்தாவுக்கு முப்பது வயசுலதானே கல்யாணம்?" என்றாள்.

"ஞாபகம் போனவருக்கு வயது மட்டும் எப்படி ஞாபகம் இருக்கும்?" என்றேன். மண்டபம் ஒத்துக்கொண்டது.

பேரவை தீர்ப்பு: மூன்று கிளை, ஒரு குடும்பம். கல்லறை எங்களுக்கு. என் கணவரை யாரும் தொடக்கூடாது. மிச்சமிருக்கும் ஒரு இடம், எங்களில் முதலில் இறப்பவருக்கு. அதற்குப் பிறகு அடுத்த ஆளுக்காகப் பதினான்கு வருஷம் திறக்கக் கூடாது.

ஜெபமாலை தனக்கு அவசரமில்லை என்றாள். மெழுகுவத்தி ஏற்ற ஒரு இடம் இருந்தால் போதுமாம். ஆக மிக்கேல், நான்.

ஃபாதர் வெளியே வரும்போது என் காதருகே சொன்னார்: "அருமையான ஆய்வும்மா. நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவீங்கல்ல?"

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். ஐந்து மணிக்கு மழை விட்டது. நாங்கள் இருபத்தைந்து பேருக்கு மேல். வழக்கமாக நான் ஒருத்தி, இரண்டு மெழுகுவத்தி, ஒரு மாலை, அரைமணி நேரம். இன்று மிக்கேல் வீட்டுப் பிள்ளைகள் கல்லறை முழுக்கப் பூவைக் கொட்டினார்கள். ஜெபமாலை முறுக்குப் பொட்டலம் விநியோகித்தாள். டால்பின்களைப் பெயர்த்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். இரண்டைப் பெயர்த்துவிட்டார்கள், மற்ற இரண்டும் வரவில்லை, உடைத்தால்தான் வருமாம். இருக்கட்டும் என்றேன்.

ஃபாதர் தீர்த்தம் தெளித்து, இங்கே இளைப்பாறுகிறவர் பெயர் என்ன என்று கேட்டார். "எவரிஸ்து" என்று இருபது குரல். "இருதயநாதன்" என்று ஒரு குரல். அது என்னுடையது. உடனே பின்னால் எல்லாரும் "இருதயநாதன்" என்றார்கள். சின்னப் பிள்ளைகள் பெயரைச் சரியாக உச்சரிக்கவில்லை. திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு பிள்ளை என் கையில் முறுக்கை வைத்தது.

நவம்பர் 9, சனி

மிக்கேலுக்கு இருமல் என்று மருமகள் சொன்னாள். கல்லறையில் ஈரத்தில் நின்றது. எனக்கு என்ன.

நவம்பர் 10, ஞாயிறு

பூசைக்கு மிக்கேல் வரவில்லை. அவர் பெஞ்சு காலி. பாட்டு சுருதி சுத்தமாக இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

சேவியரின் அழைப்பு வந்தபோது அடுப்பில் கஷாயம் கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு பேசுகிறேன் என்றேன். இதுவரை நான் அப்படிச் சொன்னதில்லை. உடம்பு சரியில்லையா என்று இரண்டு முறை கேட்டான்.

மிக்கேல் வீட்டுக்குப் போனேன். முதல் முறை. கூடம் முழுக்க ஸ்பீக்கர் பெட்டி. ஒன்றின் மேல்தான் உட்கார இடம். கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். முகம் வாடியிருந்தது. எழ முயன்றார்.

"கெடங்க," என்றேன். அவர் பாஷை எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. கவனமாக இருக்க வேண்டும்.

"மைனி, ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சிக்கிடாதீங்க. இந்த இருமலப் பாத்தா நான் முந்திருவேன் போல இருக்கு."

"முந்தக்கூடாது."

"அது நம்ம கையிலயா இருக்கு?"

"மாத்திரை உங்க கையிலதானே இருக்கு. டாக்டர் கொடுத்து மூணு நாளாச்சு, அட்டை பிரிக்கவே இல்லை."

"அது கசக்கும்லா."

"நீங்க முந்தினா அவர் பக்கத்துல நீங்கதான் போய்ப் படுப்பீங்க. அப்புறம் பதினாலு வருஷம் பூட்டு. அவருக்குக் குறட்டைச் சத்தம் ஆகாது."

சிரித்தார். இருமல் வந்தது. நான் கஷாயத்தை டம்ளரில் ஊற்றினேன். அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி மைனி. உங்களுக்கு முன்னால சாவ மாட்டேன். மாதா மேல சத்தியம். போதுமா?"

"போதும்."

"ஆனா நீங்க எப்ப கெளம்புதியன்னு உத்தேசமா ஒரு தேதி சொன்னா எனக்குச் சவுரியமா இருக்கும்."

"இன்னும் முடிவு பண்ணலை."

"உங்க அம்மா எத்தன வயசு வரைக்கும் இருந்தாவ?"

"தொண்ணூத்தியேழு."

"யம்மாடி," என்றார். "அது வரைக்கும் நானும் இருக்கணுமா?"

"இருங்க," என்றேன்.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நாளைக்கு மிளகு இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும்.